இரவில் மேலே வருபவை

படம் வரையும்போது என் நாத்தனார் நாக்கின் நுனியைப் பற்களுக்கிடையில் கடித்துக்கொள்வாள். தவளையின் ரத்தக் குழாய்களுக்குச் சிவப்பும் நீலமும் தீட்டியபடி, கூடத்துத் தரையில் குப்புறப் படுத்திருப்பாள். நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவளுடைய பாடப்புத்தகத்தை உரக்க வாசிப்பேன். ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. மட்டாஞ்சேரியில் சுக்கு, மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால், ஓடாத ஒரு வாய்க்காலை ஒட்டி எங்கள் வீடு. மாலையானால் வாய்க்காலிலிருந்து கொசுக்கள் கிளம்பும். ஒரு கையால் புத்தகத்தையும் மற்றக் கையால் விசிறியையும் பிடித்திருப்பேன்.

அவள் பத்தாவது வரை மலையாளத்தில் படித்தவள். படகேறி எர்ணாகுளம் போய்ப் பி.யு.சி.யில் உயிரியல் எடுத்தபோது எல்லாம் ஆங்கிலமாகிவிட்டது. நடுநடுவே லத்தீன் பெயர்கள் வேறு. வாராவாரம் டெஸ்ட். ஒரு பாடத்தில் பின்தங்கினால் அடுத்தது புரியாது. புரியாதவர்களுக்காக வகுப்பு நிற்காது. நான் கான்வென்டில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். எனக்கு ஆங்கிலம் வாயில் வரும், விஷயம் புரியாது. அவளுக்கு விஷயம் புரியும், ஆங்கிலம் வாயில் வராது. "நாம ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு ஸ்டூடண்ட், மன்னி" என்று சிரிப்பாள்.

மாமனாருக்கு இந்தப் படிப்பில் அரை மனசுதான். "ஒரு தடவை தோத்தா அதோட சரி. அடுத்த வருஷம்கிற பேச்சே கெடையாது" என்று சொல்லித்தான் சேர்த்திருந்தார். அவளுக்கோ டாக்டராக வேண்டும், அதற்கு இதை விட்டால் வேறு வழியில்லை. மாமியார் தன் பங்குக்கு, "தவளையை அறுக்கறவளுக்கு எவன்டீ தாலி கட்டுவான்?" என்பார்.

"தவளையைக் கேட்டுண்டு வந்து சொல்றேன்மா" என்பாள் அவள், தலை நிமிராமல்.

ஒட்டுண்ணிகள் பாடம் வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. யானைக்கால் நோயை எங்கள் ஊரில் மந்து என்பார்கள். கடைவாசல்களில் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருப்பவர்களைத் தினமும் பார்க்கிறவர்கள்தான் நாங்கள். ஆனாலும் அந்தப் பெயரை வீட்டில் குரல் தாழ்த்தித்தான் சொல்வோம். கொச்சியில் பெண் எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள், பெண்ணைக் கூடத்தில் நடக்கச் சொல்லிக் காலைப் பார்ப்பார்கள். எங்கள் தெருவிலேயே, கால் வீங்கத் தொடங்கிய ஒரு மருமகளைப் பிறந்தகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். குழந்தை இங்கே, அவள் அங்கே. என் பிறந்தகம் பாலக்காட்டில்.

அன்று நான் வாசித்த பக்கம் இன்றும் நினைவிருக்கிறது. கால் வீங்குவதற்குப் பல வருஷங்கள் முன்பே புழுக்குஞ்சுகள் ரத்தத்தில் இருக்கும். பகலில் நுரையீரலுக்குள் பதுங்கியிருக்கும். ஊர் உறங்கி, கொசு கடிக்கும் வேளையில் தோலுக்கடியில் வந்து காத்திருக்கும். வாசித்துவிட்டு என் பாதங்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.

அவரவர் வீட்டிலிருந்து ரத்தம் எடுத்து வரவேண்டும் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். இரவில் எடுத்தால்தான் புழு தெரியும் என்பதால், எல்லோரும் உறங்கியபின் அவள் முதலில் தன் விரலைக் குத்திக் கண்ணாடித் துண்டில் ஒரு துளி வைத்தாள். பிறகு என் விரலைக் குத்தி இன்னொன்றில். குழந்தையின் காலைத் தொட்டபோது நான் தடுத்துவிட்டேன். தடுத்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எடுத்திருந்தால் ஒரு பயமாவது தீர்ந்திருக்கும். அல்லது தொடங்கியிருக்கும்.

கல்லூரியிலிருந்து திரும்பியவள் சாப்பிடவில்லை. துணி மடிக்கிற சாக்கில் அவளருகே போய் உட்கார்ந்தேன்.

"ஒண்ணுல இருந்தது, மன்னி" என்றாள்.

"யாரோடதுல?"

"ரெண்டையும் ஒண்ணா வெச்சேன். மாறிப்போயிடுத்து."

தலைமயிர் போன்ற நரம்புகளைப் பிசகாமல் பிரிக்கிற கை அவளுடையது. இரண்டு கண்ணாடித் துண்டுகள் அதில் மாறிப்போகாது. ஆனால் நான் மறுபடி கேட்கவில்லை. அதன்பின் பாடம் வாசிக்கும்போது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. குழந்தையைக் கடித்த ஒவ்வொரு கொசுவும் அதற்குமுன் யாரைக் கடித்திருக்கும் என்றே யோசித்தேன்.

செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள், ஹால் டிக்கெட் வாங்க எர்ணாகுளம் போனவள் ஒரு மாத்திரைப் பொட்டலத்தோடு வந்தாள். "ரெண்டு பேருமே சாப்பிட்டுடலாம். யாரோடதுன்னு தெரிய வேண்டாமே" என்றாள். சாப்பாட்டுக்குப் பின் விழுங்கினோம். மாத்திரை வேலை செய்து புழுக்கள் சாகும்போது, அவை இருக்கிற உடம்புக்கு மட்டும் ஜுரம் வரும் என்பது அவள் பாடப்புத்தகத்தில் இல்லை.

விடியும்போது எனக்குக் குளிர் உதறியது. தலையைத் தூக்க முடியவில்லை. அவள் பையோடு புறப்பட்டு நின்றிருந்தாள். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"தெருக்கோடி டாக்டரைக் கூப்பிடு" என்று மாமியார் பதறினார். அந்த டாக்டர் பாதி ஊரின் மந்துக்கு மருந்து கொடுத்தவர். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டாலே போதும், அவருக்கு விளங்கிவிடும்.

அவள் பையைக் கீழே வைத்தாள். "டாக்டர்லாம் வேண்டாம்மா. பால் கட்டின ஜுரம். நான் பாத்துக்கறேன்."

"தவளை அறுக்கறவ மனுஷாளைப் பாப்பாளாமா? பரீட்சையாச்சேடீ!"

"தவளை இத்தனை படுத்தாதும்மா. நீ போய்க் கஞ்சி வை."

மாமியார் உள்ளே போனதும், அவள் கையைப் பிடித்து, "போ" என்றேன்.

"நான் படி இறங்கினா டாக்டர் படி ஏறுவார், மன்னி" என்று காதருகே சொல்லிவிட்டு, துணியை நனைத்து என் நெற்றியில் போட்டாள். தூரத்தில் படகின் சங்கு ஊதியது. அவள் கை நிற்கவில்லை.

மாமனார் சொன்ன சொல்லை மாற்றவில்லை. அடுத்த கோடையில் பாலக்காட்டிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் அவளை நடக்கச் சொன்னார்கள். அப்பழுக்கில்லாத கால்களால், சுவர்வரை போய்த் திரும்பி வந்தாள்.

ஐந்தாறு வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது எனக்கு இரண்டு குழந்தைகள். அவர்கள் தூங்கியபின் கணுக்கால்களை விரலால் அழுத்திப் பார்க்கிறேன். என்னவென்று கணவர் கேட்டால், கொசுக்கடி என்கிறேன். மாத்திரை எல்லாவற்றையும் கொன்றதா என்று யாரிடம் கேட்பது? கேட்கக்கூடிய ஒருத்தி படிப்பைப் பாதியில் விட்டவள்.

போன மாதம் அவள் புக்ககத்திலிருந்து வந்தாள். அழைத்துவர நான் படகுத்துறைக்குப் போயிருந்தேன். எப்போது வந்தாலும் அவள் கண் என் கால்களுக்குப் போய்விட்டுத்தான் முகத்துக்கு வரும். இந்த முறை முகத்துக்கு வரச் சற்று நேரமாயிற்று.

"சாயங்காலம் ஆனா செருப்பு இறுக்கறதா, மன்னி?"

"இல்லையே" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு, குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் குனிந்து, இடது செருப்பின் வாரை ஒரு துளை தளர்த்திக்கொண்டேன்.