பிடிவாதக்காரப் புறா

கண்ணாடிக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதே தெரியாமல் கண்ணாடிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கூலாய் தோட்டத்தில் துரை பங்களா ஜன்னலுக்குப் புட்டிப் பசை வைத்துக் கண்ணாடி பதித்ததுதான் என் முன் அனுபவம். ஜொகூர் பாருவுக்கு வந்து, "எல்லாக் கண்ணாடி வேலையும் தெரியும்" என்றேன். நம்பிவிட்டார்கள். அது அவர்கள் தவறு.

அங்கே கண்ணாடி ஒரு வகை அல்ல. சுத்தியால் தட்டியதுபோல் குழிகுழியாய் ஒன்று, பால்போல் வெளுத்தது ஒன்று, உள்ளெல்லாம் நிறம் ஊறியது ஒன்று. இவற்றை வெட்டி, ஈயப் பட்டையில் கோத்து, மூட்டுகளைப் பற்றவைத்தால் வண்ண ஜன்னல். சிவப்பு மட்டும் தனி ஜாதி. அது வெள்ளைக் கண்ணாடிதான். ஒரு பக்கத்தில் மட்டும் வெங்காயச் சருகு கனத்தில் சிவப்பு படிந்திருக்கும். அந்தச் சருகைச் சாணைச் சக்கரத்தில் தேய்த்தெடுத்தால் வெள்ளை தெரியும். படம் எழுதுவது அப்படித்தான்.

மாதாகோயில் ஜன்னலுக்குச் சிவப்பு வட்டத்தில் ஒரு வெள்ளைப் புறா வேண்டும். மேஸ்திரி அருளப்பன் கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.

"இருக்கிறது இது ஒண்ணுதான். அடுத்தது கப்பல்ல வரதுக்குள்ள கிறிஸ்மஸ் போயிடும். ஒடைச்சே, தோட்டத்துக்கே நடையைக் கட்டு."

நான் உடைக்கவில்லை. அதைவிடச் சிறப்பாகச் செய்தேன். தண்ணீர் சொட்டவிட்டு மத்தியானம் முழுக்கத் தேய்த்தேன். தூக்கிப் பார்த்தால் புறா சிவப்பாகவே இருந்தது. மறுபடி தேய்த்தேன். பிடிவாதக்காரப் புறா.

மேஸ்திரி வந்து பார்த்தார். "அலமாக்! டேய், வெள்ளைப் பக்கத்தையாடா தேய்ச்சே?"

"ரெண்டும் ஒரே மாதிரிதானேண்ணே இருக்குது?"

கண்ணாடியை நிமிர்த்தி விளிம்பைக் காட்டினார். ஓரமாக மெல்லிய சிவப்புக் கோடு ஓடியது. குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இனி ஒரே வழி, மறுபக்கத்திலும் அதே புறாவைத் தேய்ப்பது. கண்ணாடியோ ஏற்கெனவே மெலிந்துவிட்டது. கொஞ்சம் அழுத்தினால் இரண்டு துண்டு.

"நீங்களே செய்யுங்கண்ணே."

"நான் ஒடைச்சா என் பேரு போகும். ஒனக்கு என்ன போகும்? உக்காரு."

மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தேன். சிவப்பு விலகி வெள்ளை எழுந்தது. கண்ணாடி பிழைத்தது. ஆனால் இரண்டு பக்கத்துப் புறாக்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. சிறகு ஓரமெல்லாம் மங்கலாய் ஒரு ரோஜா நிறம்.

கோயில் சாமியார் வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அருளப்பா, எறக்கை அடிக்கிற மாதிரியே இருக்குதே! யாரு செஞ்சது?"

மேஸ்திரி மோவாயால் என்னைக் காட்டினார். எனக்கும் சிறகு முளைத்தது.

சாமியார் போனதும், மேஸ்திரி ஒரு நீலக் கண்ணாடியை என் முன்னால் நகர்த்தினார். வேலை நிலைத்துவிட்டது. அத்தோடு வாயை மூடியிருக்கலாம்.

"அண்ணே, இதையும் நம்ம பாணியில ரெண்டு பக்கமும் தேய்ச்சிடலாமா?"

"வெளிம்பைப் பாருடா."

பார்த்தேன்; கோடு எதுவும் இல்லை, விளிம்பு முழுக்க நீலம்.