கஸ்தூரியின் கேமரா யாருக்கு

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக கேமரா பேட்டரியை சார்ஜில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை. படம் எடுக்க பொந்தியான் கடற்கரைக்குப் போகலாமா என்று யாமினி நேற்றே கேட்டிருந்தாள்.

முகம் கழுவிவிட்டு வந்தால் போனில் கஸ்தூரியின் கணவர் குணாவின் மிஸ்ட் கால். திருப்பிக் கூப்பிட்டேன். கஸ்தூரி போய்விட்டாள்.

ஜொகூர் பாருவில் ஒரே காப்புறுதி அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. புற்றுநோய். இன்றோ நாளையோ என்று தெரிந்ததுதான், ஆனாலும்...

கேமரா ஆசை முதலில் வந்தது எனக்குத்தான். அதைச் சொல்லாமல் இந்தப் பதிவை எழுத முடியாது.

தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரிவியூ படிப்பேன். சென்சார் அளவு, எந்த பாடி, எந்த லென்ஸ், கிட் லென்ஸே போதுமா என்று அவளிடம் ஓயாமல் பேசுவேன். கஸ்தூரி நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டுவாள். ஒன்றும் காதில் ஏறியிருக்காது.

கடைக்கும் கூடவே வந்தாள். கடைக்காரச் சீனர் பொறுமையாக ஒவ்வொரு டிஎஸ்எல்ஆராக எடுத்து வைக்க, நான் கையில் பிடித்துப் பார்த்து, கனம் பார்த்து, கடைசியில் ஒன்றைக் காட்டினேன். அதுவரை வாசலில் நின்று போகிறவர் வருகிறவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள் உள்ளே வந்து, தனக்கும் அதே மாதிரி ஒன்று கொடுக்கச் சொன்னாள்.

"நீ ஒண்ணுமே பாக்கலையேடி?"

"அதான் நீ பாத்துட்டியே. ஒரே கேமரான்னா லென்ஸ மாத்தி மாத்திப் போட்டுக்கலாம் லா."

அப்படித்தான் முடிவானது. தூரத்துக்கு 70-300 ஜூம், அது நான். கிட்டத்துக்கு 50 எம்எம், அது அவள். ஒரே லென்ஸை இரண்டு பேர் வாங்கக் கூடாது. சில வெள்ளிக்கிழமை மாலைகளில் அவளுடைய லென்ஸ் ஒரு சின்னத் துண்டில் சுற்றி என் மேசைக்கு வரும், என்னுடையது அவள் பைக்குள் போகும்.

முதலில் பொந்தியான் போனோம். நான் முக்காலி போட்டு, கடலில் இறங்கும் சூரியனுக்காகக் காத்திருந்தேன். அவள் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அதைப் பார்க்க வந்த ஜனங்களை எடுத்தாள். கடற்காற்றில் பறந்துவிடாமல் இருக்க, வயதான ஒரு மலாய் மக்சிக் தன் கணவரின் தொப்பியை அவர் தலையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் படம் எங்கள் ஆபீஸ் வரவேற்பறையில் இன்னும் தொங்குகிறது.

என் சூரியன்... பொந்தியான் போகிற எல்லோரிடமும் இருக்கிற சூரியன்.

கேமரா நான் தேர்ந்தெடுத்தது. அன்றைக்கு அவள் மாட்டியிருந்தது என் லென்ஸ். இடம் நான் சொன்ன இடம். அவளிடம் விலை கூடின கேமரா இருந்திருந்தால் அதன்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அன்றைக்குக் கடையிலேயே அந்த வழியையும் அடைத்துவிட்டாள்.

பிறகு ஒரு வைட் லென்ஸ் வாங்கினேன், அவளிடம் சொல்லாமல். பெக்கோக் அருவிக்குப் போனபோதுதான் வெளியே எடுத்தேன். "புதுசா? குடு பாப்போம்" என்று வாங்கி மாட்டிக்கொண்டாள். அருவியை எடுக்கவில்லை. பாறைமேல் உட்கார்ந்து நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துகொண்டிருந்த என்னை எடுத்தாள்.

என் புரொஃபைலில் நீங்கள் எல்லோரும் ஹார்ட் போட்ட படம் அதுதான். அதைவிட நன்றாக வேறெந்தப் படத்திலும் நான் இல்லை. அதிலும் எனக்கு ஒரு எரிச்சல்...

போன வாரம் ஆஸ்பத்திரியில் மெதுவாகத்தான் பேசினாள். "என் கேமராவ யாருக்காச்சும் குடுக்கணும் வாணி. நீயே பாத்து செலக்ட் பண்ணு. அது உன் வேலதானே."

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தாள். பிறகு, "யாமினிக்கு நல்ல கண்ணு" என்றாள்.

யாமினி எங்கள் ஆபீஸுக்குப் புதிதாக வந்தவள். எங்கள் கூட வருவாள், போனில்தான் எடுப்பாள். இத்தனை வருடத்தில் என் கண்ணைப் பற்றி கஸ்தூரி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இன்று அவள் வீட்டில், அவளைக் கிடத்தியிருந்த பெட்டியின் தலைமாட்டில் பெரிதாக்கி வைத்திருந்த படத்தில் கஸ்தூரி வாய்விட்டுச் சிரிக்கிறாள். யார் எடுத்தது என்று கேட்டேன். யாமினியாம். கஸ்தூரி தன் கேமராவை அவள் கையில் கொடுத்து எடுக்கச் சொன்னாளாம். அது என்றைக்கு நடந்தது என்றே எனக்குத் தெரியாது.

என்னிடம் அப்படி ஒரு படம் இல்லை. எங்கே போனாலும் கஸ்தூரி எனக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். என் ஜூம் லென்ஸுக்கு அவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் விழாது.

யாமினி அழுது வீங்கின கண்ணோடு வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். நல்ல பெண். அவளைக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

கிளம்பும்போது குணா வாசல்வரை வந்தார். "கேமராவ யாருக்குக் குடுக்குறதுன்னு உங்ககிட்ட சொல்லிட்டதா கஸ்தூரி சொன்னா, வாணி. நாளைக்கு எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லுங்க, குடுத்துருவோம்."

தலையாட்டிவிட்டு வந்தேன். யாரைக் கேட்டாலும் யாமினிக்கு என்றுதான் சொல்வார்கள். எனக்கும் தெரியும்.

நாளை காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் வந்துவிடுங்கள். அவளுக்குக் கூட்டம் பிடிக்கும்.

நல்லபடியா போ கஸ்தூரி. அங்கேயாவது சூரியனைத் திரும்பி ஒரு தடவை பாரடி.

குணாவிடம் இன்னும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. அவரும் யாமினியும் இதைப் படிப்பார்கள், படிக்கட்டும்.

யாமினி, என் கேமராவை நீ எடுத்துக்கொள். அதே மாடல், அதே கடை, அதே நாளில் வாங்கியது. ஜூமும் வைட்டும் சேர்த்தே தருகிறேன்.

கஸ்தூரியுடையது எனக்கு.