கீழ்த்தட்டிலிருந்து ஒரு பொங்கல்படி

“...அதுவும் நெல்லு வெளையுத ஊருக்கு. எங்கனலே வாங்குன இந்த அரிசிய?” என்று கேட்டாள் அக்கா.

வெளியே கேட்காத குரல். அம்பாசமுத்திரத்தில் அவள் வீட்டு அடுக்களையில், நான் கொண்டுவந்து இறக்கிய துணிப்பைக்குள் ஒரு கையை விட்டபடி, நாலு அரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டு நின்றாள். கூடத்தில் அவள் மாமியார் உட்கார்ந்திருந்தார். நான் பை அழுத்திய தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில், கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து தை பிறக்கும் முன்னே பொங்கல்படி போக வேண்டும். பச்சரிசி, பருப்பு, வெல்லம், காய்கறி, மஞ்சள் குலை, கரும்பு. அப்பா இருந்தவரை அவர் கொண்டுபோனார். அவருக்குப் பிறகு நான். அக்காவின் பிள்ளைகளே வேலைக்குப் போய்விட்டார்கள், ஆனாலும் படி நிற்காது.

ஒரு வருஷம் அக்காவின் ஓரகத்திக்கு, அந்த வீட்டு இளைய மருமகளுக்கு, அவள் அண்ணன் வெளியூரிலிருந்து செல்போனில் ரூபாயாக அனுப்பிவிட்டான். நல்ல தொகைதான் என்று கேள்வி. மாமியார் சத்தம் எதுவும் போடவில்லை. “செல்லுல வந்த படிய எந்த அடுப்புல ஏத்துததுன்னு சொல்லு, ஏத்துதேன்” என்றார், அவ்வளவுதான். அந்தப் பேச்சு தெரு முழுக்கச் சுற்றி வந்தது. அந்தப் பெண் இன்றைக்கும் பொங்கல் பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். ஆட்கள் பேசுகிற வேடிக்கையான வார்த்தை எதையும் நான் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிக்கிறவன். இதைச் சொல்லி மட்டும் சிரித்ததில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு மார்கழியிலும் அக்கா போனில் சொல்வது ஒன்றுதான். “கொறச்சிக் கொண்டா, பரவால்ல. ஆனா கையில கொண்டா, லே. அரிசியப் பாத்து வாங்கு. அத்தை மொதல்ல அதுலதான் கை வைப்பாக.”

நான் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேட்டி பகுதியில் நிற்கிறேன். போன வருஷம் முதலாளி கடையின் மாடியை மூடினார். ஆளை நிறுத்தவில்லை, சம்பளத்தைக் குறைத்தார். “இவ்வளவுதான் முடியும் அண்ணாச்சி. நின்னா நில்லுங்க” என்று மரியாதையாகத்தான் சொன்னார். நின்றேன்.

அந்த மாதத்திலிருந்து வீட்டுச் சாமான் தெருமுனைக் கடையிலிருந்து சூப்பர் மார்க்கெட்டுக்கு மாறியது. அங்கேயும் கண் உயரத்தில் அடுக்கியிருப்பதெல்லாம் எங்களுக்கு இல்லை. கீழ்த்தட்டு. படம் கிடையாது, சிரிக்கிற குடும்பம் கிடையாது. கடையின் பெயரைப் பச்சை எழுத்தில் போட்ட வெள்ளைப் பாக்கெட், உள்ளே பருப்பு. “பேருக்குப் பணம் குடுக்க வேண்டாம். பருப்புக்குக் குடுத்தாப் போதும்” என்றாள் என் மனைவி.

கீழ்த்தட்டுக்குக் குனிய வேண்டும். குனிகிறவர்கள் எல்லோரும் ஏதோ கைதவறி விழுந்ததைத் தேடுகிற மாதிரியே குனிவார்கள். எங்கள் தெருவில் தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஒருநாள் அங்கே குத்தவைத்து உட்கார்ந்து பிஸ்கட் எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “நாய்க்கு வே” என்றார். அவர் வீட்டில் நாய் குரைத்து நான் கேட்டதில்லை. அவர் கூடையைப் பார்த்து, “ரஸ்க்கும் திங்குமோ?” என்றேன். “காப்பியில முக்கிக் குடுத்தா திங்கும்” என்றார், முகம் மாறாமல்.

அந்தப் பருப்பு வேக நேரம் பிடிக்கும். உளுந்து ஆட்டினால் பொங்கி வராது, கூட ஒரு கை போட வேண்டும். மிச்சம் பிடித்ததில் கொஞ்சத்தை கேஸ் அடுப்பே தின்றுவிடும். இருந்தாலும் மிச்சம் ஆகத்தான் செய்தது, பொய் சொல்லக் கூடாது. பையனின் காலேஜ் பஸ்ஸுக்கு அதிலிருந்துதான் கட்டினோம். சலிப்பு வேறு இடத்தில் இருந்தது. ஒரு பொருளை எடுத்து, விலையைப் பார்த்து, திரும்ப வைத்து, பக்கத்தில் இருப்பதை எடுத்து, அதில் எத்தனை கிராம் குறைத்திருக்கிறான் என்று பார்த்து, அதையும் வைத்து... நாள் முழுக்க வேட்டி விரித்துக் காட்டிய கை வலிக்காது. அந்தக் கடையைவிட்டு வெளியே வரும்போது தலை ஓய்ந்து கிடக்கும்.

மார்கழி முடியப் போகும்போது, “படிக்கும் கீழ்த்தட்டுலயே எடுத்துருவோம்” என்றாள் மனைவி.

“அக்கா மாமியாரு இருக்காகளே.”

“பாக்கெட்டக் கிழிச்சுத் துணிப்பையில கொட்டியாச்சுன்னா அதுக்குப் பேரு ஏது? அரிசி வாயத் தொறந்து சொல்லவா போகுது?”

எனக்கும் வேறு வழி தெரியவில்லை. காய்கறி, மஞ்சள் குலை, கரும்பு எல்லாம் பார்த்ததும் தெரிந்துவிடும் என்பதால் அவற்றை மட்டும் மார்க்கெட்டில் நல்லதாகப் பார்த்து வாங்கினோம். அரிசியும் பருப்பும் வெல்லமும் கீழ்த்தட்டு. வீட்டில் கிடந்த மஞ்சள் பைகளில் கொட்டி, சணலால் வாயைக் கட்டினோம். கட்டும்போது அவள், “மதினிக்கு முன்னால ரொம்ப நேரம் நிக்காதீங்க. ஒங்க மூஞ்சியிலயே வெல எழுதியிருக்கும்” என்றாள்.

பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் என் கரும்பைப் பார்த்தார். “அண்ணாச்சி, கூட நின்னுக்கிட்டு வாராரே, இவருக்கு டிக்கெட்?” பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சேரன்மகாதேவி தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் நெல் பச்சையாக நின்றது. எத்தனையோ தடவை பார்த்த வயல்தான். அரிசிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்த பிறகுதான், யார் வீட்டுக்கு எதைக் கொண்டுபோகிறோம் என்று உறைத்தது. பருப்பில் ஏமாற்றலாம். வெல்லத்தில் ஏமாற்றலாம். சின்ன வயதிலிருந்து களத்தில் நெல்லைக் கடித்துப் பார்த்தே விலை பேசிய அந்த அம்மாளிடம் அரிசியைக் கொண்டுபோய் நீட்டப் போகிறேன். இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது. திரும்பினாலும் நல்ல அரிசி வாங்கக் கையில் ஏது?

அக்கா வாசலிலேயே என் முகத்தைப் பார்த்தாள். பைகளைக் கூடத்தில் இறக்கவிடாமல், “மொதல்ல அடுக்களைக்குக் கொண்டா” என்றாள். மாமியாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவள் பின்னால் போனேன். பையை அவிழ்த்தாள், மென்றாள், கேட்டாள்.

சொல்லிவிட்டேன். கடை மாடி, சம்பளம், வெள்ளைப் பாக்கெட். ஒரு வருஷத்துச் சங்கதி நாலு வரியில் முடிந்துபோயிற்று.

“இம்புட்டு நாளு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.”

“சொன்னா நீ படி வேண்டாம்பே.”

“வேண்டாம்னு எப்பிடிலே சொல்லுவேன்?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அசதியாகச் சொன்னாள். “நான் இந்த வீட்டுலலா இருக்கேன்.”

சொன்னால் மனசு கேட்காமல் அவளே படியை வேண்டாம் என்றுவிடுவாள், அவளுக்கு அந்தச் சங்கடம் வேண்டாம் என்றுதான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்ல அவளுக்கு வழியே இல்லை என்பது அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

அவள் பருப்புப் பையையும் வெல்லத்தையும் அவிழ்த்துப் பார்த்துத் திரும்பக் கட்டினாள். “இது போகட்டும். இது நம்ம ஊர்ல வெளையல.” அரிசியை மட்டும் மறுபடி உள்ளங்கையில் பரப்பினாள். “பாதி குருணை. பொங்க வச்சாக் கூழால்லா போவும். அத்தை வாயில போட்டாகன்னா அடுத்த பொங்கல் வரைக்கும் இதான் பேச்சு. அவளுக்கு செல்லு, எனக்கு இது.”

கூடத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது. “ஏளா, அக்காளும் தம்பியும் அங்கன என்ன செய்யுதிய? பொங்கலே வச்சு எறக்கியாச்சோ?”

“இந்தா வாரோம் அத்தை. கட்டு இறுகிப்போச்சு, அவுக்க வரல” என்று அக்கா வாசல் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

சொல்லிக்கொண்டே என் பையை ஒரு அண்டாவில் தலைகீழாகக் கவிழ்த்து, தட்டைப் போட்டு மூடி, மேடைக்கு அடியில் காலால் தள்ளினாள். மூலையில் இருந்த சாக்கைப் பிரித்தாள். கார் போகத்து அறுப்பில் அவர்கள் வயலில் கண்ட நெல்லை அரைத்த பச்சரிசி. இரண்டு கையாலும் அள்ளி அள்ளி அந்த மஞ்சள் பைக்குள் போட்டாள். வாயைப் பிடிக்க நான் குனிந்தபோது, “நீ தள்ளு, சிந்தும்” என்றாள். முன்பு இருந்த அளவுக்கு நிரம்பியதும் நிறுத்தி, அதே சணலால் கட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் கூடத்துக்கு நடந்து, மாமியாரின் காலடியில் கொண்டுபோய் இறக்கினாள்.