முன்னால் உட்கார்ந்திருந்த பழசு

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குத் துருதுரு என்று பெயர். கணினிகளைக் கவனித்துக்கொள்வது வேலை. ஆனால் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் குறைவு. எதையும் தூக்கிப் போடமாட்டாள். வீட்டில் பூட்டை மாற்றிய பிறகும் பழைய சாவி அதே ஆணியில் தொங்கும். "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்பாள். அவசரத்தில் முதலில் கைக்கு அகப்படுவதும் அதுதான்.

அன்று காலை, சர்க்கரை அளவைக் கணக்கிடும் மென்பொருள் தொகுப்பின் புதிய பதிப்பை நிறுவினாள். பழையது அளவைக் கூட்டிக் காட்டுகிறது என்று தயாரித்தவர்களே அறிவித்திருந்தார்கள். நிறுவிய பிறகும் சோதனை மாதிரிக்குப் பழைய விடையே வந்தது. மேலாளர் அறிக்கைகளை நிறுத்திவிட்டார். வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களில் அவள் அண்ணியும் ஒருத்தி. மருத்துவர் கிளம்புமுன் அறிக்கை போகாவிட்டால் அண்ணியின் அறுவை சிகிச்சை தள்ளிப்போகும்.

மறுபடி நிறுவினாள். கணினியை அணைத்துப் போட்டாள். ஜன்னல்வரை நடந்து திரும்பினாள். அதே விடை.

அண்ணி கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். "என்னடி, உன் மெஷினுக்கும் ஆபரேஷனா?"

"சும்மா இருங்க அண்ணி. புதுசு உள்ளதான் இருக்கு. ஆனா பழசுதான் பேசுது."

"உங்கம்மா வாசல்ல உக்காந்திருந்தா, உள்ள இருக்கிற என் பேச்சு எங்க எடுபடும்?"

சிரிக்க வாய் திறந்தவள் அப்படியே கணினிப் பக்கம் திரும்பினாள். தொகுப்புகளைப் பார்வையிடும் சாளரத்தைத் திறந்தாள். மென்பொருள் ஒரு தொகுப்பை எந்தெந்த ஃபோல்டரில் எந்த வரிசையில் தேடும் என்பதை அது மேலிருந்து கீழாகக் காட்டும். சொடுக்கினால் உள்ளே இருப்பவை விரியும். இதுவரை, தான் நிறுவிய ஃபோல்டரை மட்டுமே விரித்துப் பார்த்திருந்தாள். இப்போது உச்சியிலிருந்து தொடங்கினாள்.

முதல் ஃபோல்டரிலேயே அதே தொகுப்பு, பழைய பதிப்பு. நிறுவுவதற்கு முன் அவளே எடுத்துவைத்த பிரதி. மென்பொருள் முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும்.

அழிக்கப் போன விரல் தயங்கியது. புதியது கைவிட்டால்? வெளியே அண்ணி இருமினாள். அழித்தாள்.

சோதனை மாதிரிக்குச் சரியான விடை வந்தது. மேலாளர் அறிக்கைகளைக் கொடுக்கச் சொன்னார். அண்ணியின் அளவு மருத்துவர் சொன்ன எல்லைக்குள் இறங்கியிருந்தது. தாளைப் பிடுங்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடிய அண்ணி, மூச்சிரைக்கத் திரும்பினாள்.

"தேதி மாறல! வா, சாப்பிடப் போலாம்."

"இதோ அண்ணி" என்றாள் துருதுரு. இரண்டாவது ஃபோல்டரில், வேறு தொகுப்புகளுக்கு அவள் எடுத்துவைத்த 'இருக்கட்டும்' இன்னும் மூன்று இருந்தன.