கிழக்குப் பக்கக் கிணறு

மாமியை இருபத்திரண்டு வயதுப் பெண்ணாக நான் முதலில் பார்த்தது, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கண்ணாடிச் சதுரத்துக்குள். யன்னல் வெளிச்சத்துக்கு நேரே அதைத் தூக்கிப் பிடித்தபோது ஓட்டு வீடு ஒன்று தெரிந்தது. பக்கத்தில் கப்பி போட்ட கிணறு, கிணற்றடியில் சேலை உடுத்திய ஒரு பெண். முகம் அரிசி மணியளவுகூட இல்லை. ஆனாலும் ஒரு கையை இடுப்பில் ஊன்றி, படமெடுப்பவரையே விசாரிப்பதுபோல நின்ற அந்த நிலை எனக்குத் தெரிந்த நிலை. எங்கள் குடும்பத்தில் அப்படி நிற்கக்கூடியவர் அப்பாவின் தமக்கை ஒருவர்தான். இருந்த கதிரையை விட்டு எழுந்து, அலுவலகத்தில் யாருமில்லாத அந்த நேரத்தில், "மாமி!" என்று சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன்.

பல்கலைக்கழகம் முடித்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. வட்டுக்கோட்டைப் பக்கம், வயல்களைப் பார்த்தபடி இருந்த ஒரு சிறிய ஆவணக் காப்பகம். எங்கள் வீட்டில் ஓ.எல். பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். பட்டம் பெற்ற முதல் ஆளும் நான்தான். மாமி மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஆகவே குளிரூட்டிய அறையும் வெள்ளைக் கையுறையும் மேசையில் என் பெயர் எழுதிய பலகையும் எனக்குச் சின்ன விசயங்களாக இருக்கவில்லை. முன்னொரு காலத்தில் மயிலிட்டியில் பங்குத்தந்தையாக இருந்த ஒருவர் எடுத்த வண்ணப் படங்கள், ஒரு மரப்பெட்டி நிறைய, அங்கே வந்து சேர்ந்திருந்தன. அவர் காலமாகி வெகுநாள். கழுத்தில் தொங்கவிட்டு, மேலிருந்து குனிந்து பார்த்துப் படமெடுக்கும் பெட்டிக் கமராவோடு அவர் ஊரெல்லாம் திரிந்தாராம். சாதாரண ஸ்லைட்டைவிட இரண்டு மடங்கு பெரிய சதுரப் படங்கள் அவை. ஒவ்வொன்றும் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்துச் சட்டமிடப்பட்டிருந்தது. அவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுவது என் பொறுப்பு.

பார்க்கிறவர்களுக்கு அது பொத்தான் அமத்துகிற வேலை. எனக்கு அப்படி இல்லை. ஸ்கேனரின் கண்ணாடியும் ஸ்லைட்டின் கண்ணாடியும் ஒட்டிக்கொண்டால், தண்ணீரில் மண்ணெண்ணெய் படர்ந்ததுபோலப் படத்தின்மேல் வளையம் வளையமாக நிறம் விழும். அதைத் தவிர்க்க மட்டையை மெல்லிதாக வெட்டி நான்கு மூலைக்கும் முட்டுக் கொடுத்தேன். பூஞ்சணம் பிடித்தவற்றைப் பிரித்துத் துடைத்தேன். மூடியில் இருக்கும் விளக்கு மேலிருந்து ஒளி பாய்ச்ச, கருவி கீழிருந்துதான் பார்க்கும். அதனால் படத்தின் முன்பக்கம் கீழ்நோக்கி இருக்கவேண்டும். சட்டத்தின் முன்பக்கத்தில், படமெடுத்த சுவாமி எண் எழுதியிருந்தார். எண் கீழே என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பிழை வராது. மாமி நின்ற படத்தில் மட்டும் ஒரு கண்ணாடி வெடித்திருந்தது. நானே அதைக் கழற்றி, படத்தைப் புதுச் சட்டத்துக்கு மாற்றி, என் கையாலேயே எண்ணை எழுதினேன். ஒரு தூசி இல்லை. அன்று அந்த வேலையை நினைத்து நான் அடைந்த பெருமையை இப்போது எண்ணினாலும் முகம் சூடாகிறது.

மாமிக்கு அந்தப் படம் ஏன் தேவைப்பட்டது என்று சொல்லவேண்டும். நான் பிறந்து வளர்ந்தது இடம்பெயர்ந்தோர் முகாமில். மயிலிட்டியை நான் அறிந்தது மாமியின் வாயால்தான். முகாமின் குழாயடியில் வாளியோடு வரிசையில் நிற்கும்போதெல்லாம் அவர் தன் கிணற்றைப் பற்றிக் கதைப்பார். கடற்கரை ஊரில் நல்ல தண்ணீர்க் கிணறு எல்லார் வீட்டிலும் அமையாது. எங்களுக்கு அமைந்தது, வீட்டுக்குக் கிழக்காலே என்பார். இராணுவத்தின் பாதுகாப்பு வலயம் திறந்து எங்கள் காணித் துண்டுக்கும் போகலாம் என்றானபோது, அங்கே வீடும் இல்லை, வேலியும் இல்லை. பற்றைக்கு நடுவே ஒரேயொரு கிணறு மட்டும் கட்டு உடைந்து நின்றது. கிழக்கே அடுத்த காணிக்காரர் சம்மாட்டியார், வள்ளங்கள் வைத்துத் தொழில் செய்தவர். அது தன் கிணறு என்றார் அவர். இரண்டு வீடு, இரண்டு கிணறு இருந்தது உண்மை. அவற்றில் ஒன்று மூடப்பட்டதும் உண்மை. மூடப்பட்டது யாருடையது என்பதுதான் கேள்வி. நிற்கும் கிணறு மாமியுடையது என்றால் எல்லை அதற்குக் கிழக்கே போகும். இல்லையென்றால் கிணறும் போய், காணியில் பாதியும் போய்விடும்.

ஊர்க் கிராம அலுவலரான விதானையார் இருவரையும் அந்த இடத்துக்கே கூப்பிட்டு விசாரித்த நாளில் நானும் போனேன்.

"தங்கச்சி, உன்ரை கிணறு வீட்டுக்கு மேற்காலை. அதை மூடிப்போட்டாங்கள். இது என்ரை," என்றார் சம்மாட்டியார்.

"அண்ணை, நீங்கள் வருசத்திலை ஆறு மாதம் முல்லைத்தீவு மீன்வாடியிலை. உங்களுக்குக் கிணறு தெரியுமோ, கிணத்தடி தெரியுமோ?"

"மனுசன் உழைக்கப் போனால் வீட்டுத் திசையும் மறந்துபோகுமோ?"

"சத்தம் போடாதேங்கோ ரெண்டுபேரும்," என்றார் விதானையார். "காணி உறுதிப் பத்திரம் ஏதும் இருக்கோ?"

மாமியின் உறுதி ஓடும்போது தொலைந்தது. சம்மாட்டியாரின் உறுதி கடலோடு போனது. அப்பாவும் மாமாவும் உயிரோடு இல்லை. தெரிந்த அயலவர்கள் எந்தெந்த நாட்டிலோ. அப்போதுதான் நான் முன்னுக்கு வந்து, "படம் இருக்கு," என்றேன். பெரிதாக அச்சிட்டு உறையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். வீடும் கிணறும் மாமியும் ஒரே படத்தில் இருப்பதே போதும் என்று நினைத்துவிட்டேன். கிணறு எந்தப் பக்கம் நிற்கிறது என்று நான் பார்க்கவேயில்லை. இதை ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

விதானையார் படத்தை வாங்கி, காணிக்கு முன்னால் போகும் ஒழுங்கையில் போய் நின்று, வடக்கே கடலைப் பார்த்தபடி பிடித்தார். "ஒழுங்கையிலை நிண்டு எடுத்த படம். அப்ப வலக்கைப் பக்கம் கிழக்கு, இடக்கைப் பக்கம் மேற்கு." விரல் படத்தில் நகர்ந்து நின்றது. "கிணறு இடக்கைப் பக்கம் நிக்குது, அம்மா."

சம்மாட்டியார் வெற்றிச் சிரிப்பு எதுவும் சிரிக்கவில்லை. "நான் சும்மா சொல்லேல்லை, தங்கச்சி," என்று மட்டும் சொன்னார். மாமி படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். மூக்குக்கண்ணாடி போடாத கண்ணுக்கு அதில் என்ன தெரிந்ததோ. பிறகு என்னிடம் நீட்டினார். "படிச்ச பிள்ளை எடுத்துக்கொண்டு வந்தது. சரியாத்தான் இருக்கும். என்ரை நினைவுதான் பிழை." ஒரு மாதத்தில் நில அளவையாளர் வருவார், அந்தப் படத்தின்படி எல்லை போடலாம் என்று எழுதிக்கொண்டு விதானையார் போய்விட்டார்.

அதன் பிறகு வந்த நாட்களில் காணிக்காக மாமி அழவில்லை. அவர் கதைப்பதை நிறுத்திவிட்டார். கதைத்தாலும் பாதியில் நிற்பார். ஒருநாள் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர், கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ளை, உன்ரை கொப்பர் சின்னனிலை கை முறிச்சது மாமரத்திலை இருந்து விழுந்தோ, முருங்கையிலை இருந்து விழுந்தோ?" என்று கேட்டார். அந்தக் கதையை எனக்கு நூறு முறை சொன்னவரே அவர்தான். நான் முருங்கை என்றேன். "ஆர் கண்டது? நான் சொன்னதைத்தானே நீ சொல்லுறாய்," என்றார். ஒரு கிணறு இடம் மாறியதால் அவருக்குள் இருந்த ஊர் முழுக்க ஆட்டம் கண்டிருந்தது. அந்த ஊரைத் தவிர அவரிடம் வேறு சொத்து எதுவும் இருக்கவில்லை. அதை அசைத்துவிட்டவள் நான் என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. உண்மை கசப்பாகத்தான் இருக்கும், அதற்கு ஆவணம் என்ன செய்யும் என்று படித்தவளாக என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சம்மாட்டியாரின் மனைவி எங்கள் கொட்டிலுக்கு வந்தார். இடம்பெயர்ந்த பிறகு அவரைக் கலியாணம் செய்தவர். பழைய மயிலிட்டியைக் கண்ணால் கண்டதில்லை. கணவர் என்னிடம் கேட்டு வாங்கிய படத்தின் பிரதி அவர்கள் வீட்டுச் சுவரில் இருந்தது. காணிப் பிரச்சினையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், தேத்தண்ணியை ஊதிக்கொண்டு மாமியைச் சீண்டத் தொடங்கினார்.

"மச்சாள், ஒண்டு கேட்டால் கோவிக்கக் கூடாது. இளந்தாரிப் பெட்டையா இருக்கேக்கை உமக்குச் சேலை உடுக்கத் தெரியாதோ?"

"ஏன், அவிழ்ந்தோ கிடக்குது?"

"தலைப்பை வலத் தோளிலை எல்லோ போட்டுக்கொண்டு நிக்கிறீர். விடிய எழும்பி நான் முதல் முழிக்கிறது உம்மிலைதான். ஒவ்வொருநாளும் பார்த்துப் பார்த்து எனக்குத் தோள் உளையுது."

"உமக்குக் கண் அவிஞ்சு போச்சு. வலத் தோளிலை ஆரடி போடுறது? நான் பிறந்த நாள் தொட்டு இடத் தோள்தான்!"

மாமியின் குரல் மூன்று கிழமைக்குப் பிறகு அன்றுதான் உயர்ந்தது. அவர்கள் இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் இருந்த கோப்பையை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. அந்தப் படத்தில் தலைப்பு வலத் தோளில் இருந்தால், கிணறு இடப்பக்கம் இருந்தால், இரண்டும் ஒரே காரணத்தால்தான் இருக்கவேண்டும்: படம் இடம்வலமாகப் புரண்டிருக்கிறது. அந்தப் படத்துக்கு மட்டும் நான் புதுச் சட்டம் போட்டிருந்தேன். மாமியிடம் அப்போது எதுவும் சொல்லவில்லை. இன்னொரு முறை பிழைவிட எனக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் போய், சட்டத்தைப் பிரித்தேன். படத்தை வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்தால் ஒரு பக்கம் பளபளக்கும், மற்றப் பக்கம் மங்கும். பளபளக்கும் பக்கம்தான் முன்பக்கம். இரண்டு கண்ணாடிக்குள் போய்விட்டால் எந்தப் பக்கமும் பளபளக்கும். நான் மங்கிய பக்கத்தை முன்னுக்கு வைத்து, அதன்மேல் அழகான எழுத்தில் எண்ணும் எழுதியிருந்தேன். சட்டம் மறைத்திருந்த ஓரத்தில் படச்சுருளில் அச்சிட்ட சிறிய எண்கள் இருந்தன. நான் வைத்த பக்கத்திலிருந்து பார்க்க அவை கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம்மாறித் தெரிந்தன. படத்தைப் புரட்டினேன். எண்கள் நேராகின. கணினியில் ஒரு பொத்தானை அமத்தினாலே படத்தைத் திருப்பியிருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை. துடைத்து, சரியாகச் சட்டமிட்டு, மூலைகளுக்கு முட்டுக் கொடுத்து, முதலிலிருந்து ஸ்கேன் செய்தேன். திரையில் மேலிருந்து கீழாகப் படம் வரிவரியாக வந்தது. முதலில் ஓடு, பிறகு கிணற்றுக் கப்பி. கப்பி வலப்பக்கம் நின்றது. அதன் கீழே மாமி, இடத் தோளில் தலைப்போடு. என் மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். மாமியின் நினைவு பிழையில்லை என்ற ஆறுதல்தான் அது. என் பிழை வெட்கமாக வந்து சேர இன்னும் கொஞ்ச நேரம் எடுத்தது.

நில அளவையாளர் வந்த அன்று, விதானையாருக்கும் சம்மாட்டியாருக்கும் முன்னால் நான் செய்ததைச் சொன்னேன். இரண்டு படத்தையும் காட்டி, ஓரத்து எண்களைக் காட்டி, பிழை கருவியில் இல்லை, என் கையில்தான் என்றேன். விதானையார் தான் முன்பு எழுதிய பக்கத்தைத் தேடிப் புரட்டினார். சம்மாட்டியார் புதுப் படத்தைக் கண்ணுக்குக் கிட்டவும் தூரவுமாகப் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப என்ரை கிணறு எங்கை போச்சு?"

"அது அங்காலை, உங்கடை குசினிக்குப் பின்னாலை," என்றார் மாமி. "உப்பு. வாயிலை வைக்கேலாது. குடிதண்ணிக்கு எங்கடை கிணத்துக்குத்தானே உங்கடை ஆக்கள் வாறவை."

சம்மாட்டியார் படத்தை இறக்கினார். ஏதோ ஒன்று அவர் முகத்தில் மெல்ல ஏறியது. "ஓம்... உன்ரை கொம்மா வாளியை ஒளிச்சு வைக்கிறவ. நான் வாடியாலை வந்து நிக்கேக்கை எல்லாம் இதுக்கு எங்கடை வீட்டிலை சண்டை."

"ஒளிக்காமல்? நீங்கள் நாலு வாளியைக் கிணத்துக்குள்ளை விட்டனீங்கள்."

"நாலோ? ரெண்டு."

"நாலு!" என்றார் மாமி. அந்தச் சொல்லில் சந்தேகத்தின் நிழல்கூட இருக்கவில்லை. சம்மாட்டியாரும் நாலு என்றே ஒப்புக்கொண்டார். அவர் மனைவி தூரத்தில் நின்று, "அப்ப என்ரை தோள் உளைவு வீணாப் போகேல்லை," என்றார்.

நில அளவையாளர் அளவுச் சங்கிலியை விரிக்கும் முன், ஒழுங்கையிலிருந்து காணிக்குள் நுழையும் பழைய படலை எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டார். அங்கிருந்துதான் அளக்கவேண்டுமாம். நான் அவசரமாக உறையைத் திறந்து படத்தை எடுத்தேன். படலை படத்தின் கீழ் ஓரத்தில் பாதி தெரிந்தது, தூரத்தைக் கணித்துச் சொல்லிவிடலாம் என்று விரலால் அளக்கத் தொடங்கினேன்.

"உந்தப் படத்தை உள்ளுக்கு வை, பிள்ளை," என்றார் மாமி.

செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, கிணற்றடியிலிருந்து அவர் நடந்தார். எண்ணவில்லை, குனிந்து தேடவுமில்லை. தன் வீட்டு முற்றத்தில் நடப்பவர்போல நடந்து, ஒரு நாயுண்ணிப் பற்றையை விலத்தி, திரும்பி நின்றார். நில அளவையாளர் என்னைப் பார்த்தார். நான் படத்தை உறைக்குள் போட்டு மூடினேன்.

"இஞ்சை," என்றார் மாமி. வெறுங்காலால் மண்ணை ஒருமுறை தட்டிக் காட்டினார்.

அந்த இடத்தில் கட்டையை அடித்தார்கள்.