செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

வெள்ளிக்கிழமை காலை, முத்தியால்பேட்டை வீட்டில் இரண்டாவது காப்பியை ஆற்றிக்கொண்டே, ராஜாங்கம் செவ்வாய்க்கிழமைத் தண்ணீரைத் தயாரிக்கிறார். சாரத்துக்கு மேற்கே ஓடும் வாய்க்காலில் தினமும் அளவுக்கம்பைப் பார்த்து உயரம் குறிப்பதும், தக்கையை மிதக்கவிட்டு வேகம் கணக்கிடுவதும் அவருடைய சர்க்கார் உத்தியோகம். வாரத்தில் நான்கு நாள் போகிறார். ஏழு நாளும் எழுதுகிறார்.

"திங்க மூணடி, புதன் அஞ்சடி. அப்ப செவ்வா நாலு. தண்ணி என்னா, தவ்வியா போவும்?" என்று பக்கத்து வீட்டுக்காரனான என்னையே மடக்குகிறார்.

பார்த்த நாளுக்கும் பாராத நாளுக்கும் ஒரே மை, ஒரே முத்தான கையெழுத்து. ஒரு கட்டம்கூடக் காலி கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் போய் நான்கு வருஷமாகியும், சென்னையிலிருந்து வந்த இஞ்சினீயர் இவருக்குப் பிரெஞ்சு மரியாதையில் 'முசியே'தான். அந்த முசியே பதிவேட்டைப் புரட்டிப் பூரித்துப்போய், வாய்க்காலில் கட்டப்போகும் பாலத்துக்குத் தண்ணீர் போக ஒரே கண் போதும் என்று எழுதிவிட்டார். அடடா, என்ன படிப்பு!

பாலம் வரும் இடத்தை ஒட்டிக் கன்னியம்மாள் குடியிருக்கிறாள். தீபாவளியன்று வாய்க்கால் அவள் வீட்டுக்குள் புகுந்து இரண்டு ஆடுகளை அடித்துக்கொண்டு போனது. ராஜாங்கம் அன்று மாமனார் வீட்டில் அதிரசத்தை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது நாலடி, திரும்பி வந்தபோதும் நாலடி. ஆகவே தீபாவளிக்கும் நாலடி.

போகிக்கு முதல்நாள் நானும் அவரும் வாய்க்கால் பக்கம் போனபோது கன்னியம்மாள் பிடித்துக்கொண்டாள். "நாலடியாம் நாலடி! ஒரு கண்ணு வச்சா அடுத்த மழைக்கு எம் புள்ளைங்களத்தான் தூக்கினு போவும். உள்ள வந்து செவுத்தப் பாருய்யா!"

வெள்ளம் விட்டுப்போன சேற்றுக்கோடு ராஜாங்கத்தின் நெஞ்சுக்கு நின்றது. பொங்கலுக்காக அவள் முக்கால் சுவரை வெள்ளையடித்துவிட்டிருந்தாள். கோட்டில் ஒரு முழம்தான் மிச்சம். இஞ்சினீயர் அதைப் பார்த்தால் இவர் வேலை போய்விடும். நாலு இழுப்பு இழுத்தால் கோடு போய்விடும்.

"குடு இப்படி" என்று சுண்ணாம்பு மட்டையை அவள் கையிலிருந்து வாங்கினார். பாவி மனுஷன், செய்துவிடுவார் என்றே நினைத்தேன்.

ராஜாங்கம் கோட்டுக்கு மேலே அடித்தார். கீழே அடித்தார். நடுவில் அந்த ஒரு முழத்தைக் காலியாக விட்டுவிட்டு, மட்டையை வாளியில் போட்டார்.

"முசியேவ இட்டாரேன். அதுவரிக்கும் இதுல கை வெக்காத."