ஐந்தருவியில் ஒலித்த சினிமாப் பாட்டு

சென்ற ஆடி மாதம், குற்றாலம் ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்த என் கணவர் நடைபாதையிலேயே சரிந்து விழுந்தார். பெயர் சொல்லி அழைத்தேன், அசைவில்லை. மூச்சும் இல்லை. எங்கள் சபையார் எல்லோரும் அருவிக்குள் நின்றார்கள். நீர் விழும் இரைச்சலில் என் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். என் குழப்பம் தொடங்குவதும் அங்கேதான்.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், இதய நலத் தொண்டு நிறுவனம் ஒன்றைத் தென்காசிக்கு அழைத்து, எங்கள் ஆலய மண்டபத்தில் பெண்களுக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவிப் பயிற்சி நடத்தியவளே நான். அழுத்தும் வேகம் மனத்தில் பதிவதற்காகப் பயிற்சியாளர் ஒரு சினிமாக் குத்துப்பாட்டைப் போட்டார். ஆலய வளாகத்தில் அது இடறலாகும் என்று எண்ணி நிறுத்தச் சொன்னேன். பதிலாக ஒரு ஞானப்பாட்டைப் பாடிக்கொண்டே பழகினோம்.

“அக்கா, இது ரொம்ப மெதுவா போகுது. ஆளு தேறாது,” என்றார் அவர்.

“பாட்டுல என்ன தம்பி இருக்கு? கர்த்தர் பாத்துக்கிடுவாரு,” என்றேன். எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

ஐந்தருவியில் அன்று மண்டியிட்டு, அதே ஞானப்பாட்டை முணுமுணுத்தபடி அதன் நடையில் அழுத்தினேன். வேறு நடை என் கைகளுக்குத் தெரியவில்லை. ‘ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்’ என்று மட்டும் ஜெபித்தேன்.

வந்தவர், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் இசக்கி அண்ணாச்சி.

“என்ன தாயி, தாலாட்டா பாடுதிய? அமுக்குத வேகம் பத்தாது! தென்காசிக்கு வந்த தொண்டு நிறுவனத்துக்காரங்க எங்களுக்கும் சொல்லித் தந்திருக்காங்கல்லா!”

எண்ணெய்க் கையாலேயே செல்போனில் அதே குத்துப்பாட்டைப் போட்டுத் தரையில் வைத்தார். “ஏலே, ஆம்புலன்ஸுக்குப் போன் போடுலே!” என்று பக்கத்துக் கடைக்குச் சத்தம் கொடுத்தார். பாட்டின் அடிக்கு அடி அழுத்தினோம். நான் களைத்தபோது அவர். அவர் களைத்தபோது நான். நான் நிறுத்தச் சொன்ன பாட்டு திரும்பத் திரும்ப ஓடியது. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் மின்னதிர்ச்சி கொடுத்தபின் நாடி திரும்பியது.

என் கணவர் பிழைத்திருக்கிறார். ஸ்தோத்திரம். அந்தப் பாட்டைக் கேட்டால் இன்னும் முகம் சுளிக்கிறேன், கண்ணும் நிறைந்துவிடுகிறது. என் ஜெபத்திற்குப் பதில் எது? அண்ணாச்சியா, அவர் கற்ற பயிற்சியா, அந்தப் பாட்டா?

ஒன்று மட்டும் புரிகிறது. என் பேச்சைக் கேட்டு எங்கள் பெண்கள் அனைவரும் தவறான வேகத்தைக் கற்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் வீட்டில் இது நேர்ந்திருந்தால்? சபை முன் மன்னிப்புக் கேட்டேன். பயிற்சியாளரை மறுபடியும் அழைத்தோம். அதே மண்டபம், அதே பாட்டு.

நீங்களும் நம்பிக்கையோடு கேளுங்கள், கர்த்தர் தருவார். எந்த மெட்டில் தர வேண்டும் என்று மட்டும் நான் இப்போது அவருக்குச் சொல்வதில்லை.